டேங்குக்குள் இருந்தவன்

சிக்னலில் நின்றாலே அந்தப் பழைய காரின் இன்ஜினுக்கு உடம்பு உதறும். டாஷ்போர்டு பொம்மை விடாமல் தலையாட்டும். "எல்லாம் பின்னால டேங்குக்குள்ள உட்கார்ந்திருக்கிறவனாலதான். சோம்பேறி. கேட்ட நேரத்துல பெட்ரோல் அனுப்புறானா பாரு" என்று இன்ஜின் பம்பைத் திட்டும். இருபது வருஷம் ஒரே வண்டியில் இருந்தும் இரண்டும் முகம் பார்த்துக்கொண்டதில்லை.

மெக்கானிக் மரியசெல்வமும் பம்பைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் சொன்னார். இன்ஜினுக்கு ஏக சந்தோஷம். எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று அவர் பெட்ரோல் வரும் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜை எடுத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"பாதிகூட வரலை" என்றது கேஜ்.

"நான்தான் சொன்னேனே" என்றது இன்ஜின்.

அடுத்து அவர் அதை நடுவில் பெட்ரோலை வடிகட்டும் ஃபில்டருக்கு அந்தப் பக்கம், பம்பை ஒட்டி மாட்டினார். முள் விர்ரென்று ஏறியது.

"அண்ணே, அவன் மேல தப்பே இல்ல" என்றது கேஜ். "ஓனர் எப்பவும் ரிசர்வ்லயே ஓட்டி, டேங்க் கசடெல்லாம் ஃபில்டர்ல அடைச்சுக் கிடக்கு. அதுக்குள்ள முட்டித் தள்ளித்தான் உங்களை இத்தனை நாள் ஓட வச்சிருக்கான்."



புது ஃபில்டர் மாட்டியதும் உதறல் நின்றது. அந்த அமைதியில், பின்னாலிருந்து வந்த மெல்லிய ரீங்காரம் இன்ஜினுக்கு முதல் தடவையாகக் கேட்டது.

"தம்பி, உன்னாலதான் நான் ஓடியிருக்கேன். அது தெரியாம உன்னைத் திட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

"திட்டுனீங்களாண்ணே?" என்றது பம்ப். "எனக்கு ஒண்ணும் கேக்கல. வண்டி நகருதான்னு மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."