அப்பாவின் துப்பாக்கிக்கு ஏற்ற அளவு

கராஜ் விளக்கடியில் ஆர்டித் வெடிமருந்தை நிறுத்துப் பித்தளைக் கூட்டில் கொட்டுகிறாள். அதன் வாயில் செப்புக் குண்டை வைத்து எந்திரக் கைப்பிடியை இழுக்க, தோட்டா தயாராகிறது. இறந்துபோன அப்பாவின் துப்பாக்கிக்கென்றே அவள் பலமுறை சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த குண்டும் மருந்தளவும் இவை. துப்பாக்கி தம்பி வெர்லனுக்குப் போய்விட்டது. எந்திரம் மட்டும் இவளுக்கு.

வண்டியை அணைக்காமலே வெர்லன் வந்து நிற்கிறான்.

"நாளைக்கு எல்க் மான் வேட்டை ஆரம்பம். தோட்டா ஆச்சாக்கா?"

"நானும் வரேன்டா."

"கேம்புக்கு ஆம்பளைங்க மட்டும்தான்க்கா. உனக்குக் கறி கொண்டாறேன்."

முடித்த தோட்டாவைச் சுத்தியல் மாதிரியான கழற்றியில் மாட்டித் தரையில் ஓங்கி அடிக்கிறாள். குண்டு கழன்றுவிடுகிறது. மருந்தை டப்பாவில் திருப்பிக் கொட்டுகிறாள்.

"ஐயோ, என்னக்கா பண்றே?"

"கடையில வாங்கிக்கோ. ஆம்பளைங்களுக்குன்னே விப்பாங்க."

அடுத்த தோட்டாவை எடுக்கிறாள்.