அப்பா விட்டுப்போன உதறல்

தையல்காரர் கத்தரியை வைத்துவிட்டு மரத்துப்போன கையை உதறினார்.

"அச்சு அசல் உங்க அப்பாவேதான்!" என்றாள் மனைவி.

தையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அந்த உதறல்தான்.

கை மரத்துப்போவது அதிகமாகி, இரண்டு மணிக்கட்டிலும் ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கும் நாளில் டாக்டர் கேட்டார்: "உங்க அப்பாவும் இப்படிக் கையை உதறுவார்னு சொன்னீங்களே, அவர் எப்படிப் போனார்?"

"ஹார்ட்டு, சார். கைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மணிக்கட்டுல எடுத்த சதையில ஒரு புரதம் படிஞ்சிருக்கு. அதான் நரம்பை நசுக்குது. அடுத்து இதயத்துலயும் படியலாம். அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு வந்திருக்கறது பரம்பரை வகை."

வீட்டில் தங்கை காத்திருந்தாள். அண்ணனைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையை உதறிக் காட்டினாள்.

"அண்ணா, அப்பா சொத்துல எனக்கும் பங்கு வந்துடுச்சு, பாரு!"