மெதுவாகச் சுற்றும் ஃபேன்

கல்யாணப் பத்திரிகைகளுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் பிலோமினாவின் கம்ப்யூட்டர், புற்றுநோயோடு அவள் கணவர் சவரிமுத்து படுத்திருந்த அதே அறையில்தான் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. அவர் தூக்கத்தைக் கெடுக்கிறதே என்று அவளுக்கு ஆற்றாமை. "இருந்துட்டுப் போகட்டும் பிலோ, அந்தச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு" என்று அவர் சொன்னதை, தன்னைத் தேற்றச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் காஜா வந்து மூடியைக் கழற்றினான். "அக்கா, உள்ள தூசி ஒரு போர்வையே கிடக்கு. மூச்சு முட்டித்தான் இந்தக் கத்து கத்துது." எல்லாவற்றையும் ஊதித் துடைத்துவிட்டு, பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினான். "பெருசு மெதுவாச் சுத்தினாலே போதும்க்கா. சூடும் ஏறாது, சத்தமும் வராது."

அவன் போனபின் அறை அப்படியே அடங்கிவிட்டது. "ஓடுதா, இல்ல எனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுச்சா?" என்று சவரிமுத்து சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே டைப் அடிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. கேட்டதுமே நின்றும் போனது. திரும்பிப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து, துண்டைச் சுருட்டி வாயில் கடித்தபடி படுத்திருந்தார். தோள் மட்டும் நடுங்கியது. இத்தனை மாதமாக அந்த இரைச்சலுக்குள் எவ்வளவு முனகியிருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏங்க, சட்னி அரைச்சிட்டு வந்துடறேன்" என்று அடுக்களைக்குள் போனாள். ஒன்றும் போடாமலே ஜாரை மூடி, மிக்ஸியைத் திருகிவிட்டு, அதன் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.