கம்லா வீட்டு மழை

வெளியே சுள்ளென்று வெயில். வீட்டுக்குள் சொட்டுச் சொட்டென்று மழை. புயல் பிய்த்தெறிந்த கூரையை இன்ஷூரன்ஸ் பணத்தில் மாற்றிய காண்ட்ராக்டர் பல்ராம், வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறான். சண்டை போட்டு அலுத்துப்போன கம்லா, தோட்டத்துக் குழாயைக் கூரைமேல் திருப்பிவிட்டு, அவனை உள்ளே நிறுத்தியிருக்கிறாள். அவன் புது ஷூவில் சொட்டு விழுகிறது. இந்தத் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ஊரே நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் அவனும் ஆக்லாந்துக்கு.

"பிளேன் போயிடும் அக்கா. கையெழுத்தப் போட்டுடு."

"அடுத்த மழைக்கு ஒழுகினா, உன்னை ஆக்லாந்துல வந்தா தேடுவேன் தம்பி?"

விமான நிலையத்தை ஒட்டிய வோட்டுவாலேவு ஊரின் ஜன்னல்களை அதிரவைத்து ஒரு விமானம் மேலே ஏறுகிறது. இரைச்சல் அடங்கும்வரை பல்ராம் அண்ணாந்து ஓட்டைகளையே பார்க்கிறான். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறுகிறான். கம்லா குழாயை மூடுகிறாள். மேலே சுத்தியல் சத்தம். அவள் அந்த ஷூவை எடுத்து, வீட்டில் நனையாத ஒரே மூலையில் வைக்கிறாள்.