கதவும் ஏழு தலைப் பேயும்

ஒரு பேய்ப் படத்தின் செட்டில் பழைய மரக்கதவு இருந்தது. திறந்தால் ‘கிரீச்’ என்று கத்தும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்கே பயந்து லைட்மேன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“பயமுறுத்த இந்தச் சத்தமே போதும் சாமி, இதோட விடுங்க,” என்றது கதவு. யார் கேட்டார்கள்? டைரக்டர் ஏழு தலை ரப்பர் பேய் ஒன்றைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். கண்ணில் பல்பு, வாயில் புகை, முதுகில் மோட்டார்.

“அண்ணே, என்னைப் பார்த்தா பயமா இருக்கா?” என்று கேட்டது பேய்.

“உன் மூணாவது தலை தொங்குது. முதல்ல அதைப் பிடி,” என்று எரிந்து விழுந்தது கதவு.

படம் வெளியானது. கதவு கிரீச்சிட்டதும் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேய் வெளியே வந்தது. மூன்றாவது தலை கழன்று விழுந்தது. பால்கனி வரைக்கும் ஒரே சிரிப்பு.

மறுநாள் டைரக்டர் செட்டுக்கு வந்தார். “தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன்,” என்றார்.

“அப்பாடா, இப்பவாவது புரிஞ்சுதே!” என்றது கதவு.

“இந்தப் பாழாப்போன கதவுச் சத்தத்துலதான் பேய் எடுபடல. அடுத்த படத்துல பதினாலு தலை,” என்றபடி கீல்களில் எண்ணெயை ஊற்றினார்.

கதவு வாய்விட்டுக் கத்திப் பார்த்தது. சத்தமே வரவில்லை.