வைகாசிப் பௌர்ணமி லீவு

"புத்தருக்கு எதுக்கும்மா லீவு? அவரு சாமியில்ல, மனுஷன்தான்னு நீதானே சொல்லுவே?"

லீவு லெட்டரை மேஜைமேல் போட்டாள் கமருன்னிஸா. தஞ்சாவூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு லீவு என்று முடிவு செய்வது அவள்தான்.

எதிரே நின்ற அறிவுமதி, கீழ்த்தள ஜெனரல் வார்டு நர்ஸ். அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம்.

"நாளைக்கு வைகாசிப் பௌர்ணமிக்கா. எங்களுக்குப் பெரிய நாள். ஒரே ஒரு நாள் குடுங்க."

"முந்தின நாள் வந்து கேட்டா எப்படி? ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. ஆளுக்கு எங்க போவேன்?"

அறிவுமதி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கமருன்னிஸாவால் முடியாது என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது வார்டைப் பார்த்துக்கொண்டது இவள். கிறிஸ்துமஸுக்கும் இவள்தான். போன ரம்ஜானுக்கு, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தவளும் இவளே.

"சரி, போய்த் தொலை" என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஆள் பற்றாமல், மாடி வார்டு நர்ஸைக் கீழே அனுப்பிவிட்டு, கமருன்னிஸாவே மாடியில் நின்று வேலை பார்க்க வேண்டியதாயிற்று. ட்ரிப் மாற்றி, ஊசி போட்டு, பத்து மணிக்குக் குடிக்க வேண்டிய டீயைப் பன்னிரண்டரைக்குக் கையில் எடுத்தாள். முட்டி விண்விண் என்று தெறித்தது.

அப்போதுதான் ஆயா கண்ணாத்தாள் வந்து சொன்னாள்.

"சிஸ்டர், அறிவுமதி லீவுன்னீங்க? காலையிலேருந்து கீழ வார்டுலதான் உக்காந்திருக்கு. வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு!"

"உக்காந்திருக்காளா?"

"வேலை ஒண்ணும் பாக்கலை. சும்மா உக்காந்திருக்கு."

கமருன்னிஸாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் இங்கே நாயாய் அலைகிறேன், இவள் லீவு போட்டுவிட்டு வார்டிலேயே வந்து பொழுது போக்குகிறாளா? டீயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கடைசிக் கட்டில். ஒரத்தநாட்டுப் பக்கம் கூலி வேலை பார்த்த சாமிதுரை. மனைவி மக்கள் இல்லை. தெருக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனதோடு சரி, எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று நேற்றுக் காலையில்தான் டாக்டர் கைவிரித்திருந்தார்.

அவருடைய கை அறிவுமதியின் இரண்டு உள்ளங்கைக்குள் இருந்தது. மூச்சு திணறும்போதெல்லாம் அவர் கண் திறந்து பார்த்தார். அவள் முகம் பக்கத்திலேயே இருந்தது. மறுபடி அமைதியாய் மூடிக்கொண்டார்.

திட்ட வந்த கமருன்னிஸா கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள்.

"பண்டிகைன்னியே... விகாரைக்குப் போகலியா?" என்றாள் மெதுவாக.

பிடித்த கையை விடாமல் நிமிர்ந்தாள் அறிவுமதி.

"டியூட்டின்னா முப்பது கட்டிலுக்கும் ஓடணும்க்கா. லீவு போட்டாத்தானே ஒருத்தர் பக்கத்துல உக்கார முடியும்?"