காவல் நிலைய வாசலில் ஜோடி மாறிய செருப்புகள்

குடிதண்ணீர் கேட்டு ஊர்வலம் போன பையன்களை வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர்களின் தாய்மார்கள் காவல் நிலையத்துக்கு வந்தார்கள். செருப்பை வெளியே விடச் சொல்லி அதட்டல் வேறு! விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்கள்.

வாசலில், வங்கியில் வேலை பார்ப்பவளின் தோல் செருப்பு முகத்தைச் சுளித்தது. "கொஞ்சம் தள்ளி இரும்மா, மீன் நாத்தம் தாங்கல."

மீன்காரியின் ரப்பர் செருப்புக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் தாயீ, உள்ள உன் வீட்டுப் பையனை மட்டும் மயிலிறகாலயா அடிக்கிறான்?"

கொஞ்ச நேரம் கழித்துத் தோல் செருப்பு தானாகவே பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது.

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் பூட்ஸுக்கு அது பொறுக்கவில்லை. "இந்த வெயில்ல வெறுங்காலோட நடந்தா, நாளைக்கு எவ வருவா?" என்று அத்தனையையும் எட்டி உதைத்தது.

லத்தி விரட்ட, பெண்கள் வெளியே ஓடிவந்து அகப்பட்டதைக் காலில் மாட்டிக்கொண்டு போனார்கள். மீன்காரிக்கு ஒரு காலில் ரப்பர், மறு காலில் தோல். வங்கிக்காரிக்கும் அப்படியே.

விடிந்ததும் எல்லோரும் அதே கோலத்தில் திரும்ப வந்தார்கள்.

"அடடே, ஜோடி தேடி வந்தீங்களா? மாத்திக்கிட்டு ஓடிருங்க," என்று இளித்தது பூட்ஸ்.

ஒருத்தியும் மாற்றவில்லை. கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

பதில் சொன்னது தோல் செருப்புதான். "யோவ், முதல்ல எங்க பையன்களை வெளிய விடு. ஜோடியை நாங்க அப்புறம் பாத்துக்கறோம்."